எது முந்தியோ அது

என் மொழிபெயர்ப்புகளில் அதிகம் பேர் கையில் போய்ச் சேர்ந்த வாக்கியம் எது என்று கேட்டால் சற்று வெட்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். அது கதையில் வந்ததல்ல, கட்டுரையிலும் வந்ததல்ல. ஒரு டீசல் ஜீப்பின் உரிமையாளர் கையேட்டில் வந்தது. ‘10,000 கி.மீ. அல்லது 12 மாதங்கள், எது முந்தியோ அது, ஆனதும் இன்ஜின் ஆயிலை மாற்றவும்.’

2013-ல் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் சொல்லுக்கு இத்தனை காசு என்று பேசி அந்தக் கையேட்டை என்னிடம் தள்ளியது. எம்.ஏ. தமிழ் படித்தவள், கிளட்சுக்கும் கிரீஸுக்கும் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் கிளட்சைக் கிளட்ச் என்றும் கிரீஸைக் கிரீஸ் என்றும் எழுதிவிட்டு, ‘எது முந்தியோ அது’ என்ற மூன்று சொற்களுக்காக மட்டும் பெருமைப்பட்டுக்கொண்டேன். சுருக்கமாக, காதுக்கு இதமாக, சட்டம் போல் கறாராக இருந்தது.

அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ‘கடுமையான சூழ்நிலைகளில் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளவும்.’ அதை மொழிபெயர்க்க எனக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. மூலத்தில் ‘சிவியர்’ என்று இருந்தது, அகராதி ‘கடுமையான’ என்றது, எழுதினேன், நகர்ந்தேன். கடுமையான சூழ்நிலை என்று படிக்கும் ஒருவர் மனதில் என்ன தோன்றும்? புயல் தோன்றும், வெள்ளம் தோன்றும், போர் தோன்றும். காலையில் மூன்று கி.மீ. தூரத்திலுள்ள பள்ளியில் பிள்ளையை இறக்கிவிட்டு வருவது தோன்றாது. அதுவும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதை ஒன்பது ஆண்டு கழித்து, கடல் மட்டத்திலிருந்து நான்காயிரம் மீட்டருக்கு மேலே, ஒரு ஓட்டுநரிடம் தெரிந்துகொண்டேன்.

2022 செப்டம்பரில் ஸ்பிதி பள்ளத்தாக்கின் பட்டாணி விவசாயிகளைப் பற்றி எழுதுவதற்காக மணாலியிலிருந்து காசாவுக்குப் போனேன். தூரம் சுமார் 200 கி.மீ. கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் போவதைவிடக் குறைவு. ஆனால் பத்து மணி நேரம் ஆகும் என்றார் வாடகை ஜீப்காரர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயின் ஏற்றத்தை மிச்சப்படுத்தியிருந்தது. ஆனால் கிராம்ஃபூவில் நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் சாலை என்று சொல்ல ஏதுமில்லை. கல், புழுதி, பாதையின் குறுக்கே பாயும் ஓடை, மறுபடி கல்.

ஜீப் டீசல், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். காலை ஐந்து மணிக்கு நான் மூட்டையோடு வந்தபோது அவர் பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, பழைய துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன டயரி ஒன்றை எடுத்து ஏதோ குறித்தார். சத்ருவில் தேநீருக்கு நிறுத்தியபோதும் டயரி வெளியே வந்தது. குன்ஸம் கணவாய்க்கு முன் ஒருமுறை. லோசரில் ஒருமுறை. பத்திரிகைக்காரிக்கு அடுத்தவர் நோட்டைப் பார்த்தால் கை அரிக்கும். கேட்டேன்.

“மணிக் கணக்கு, மேடம்ஜி. இன்ஜின் எத்தனை மணி ஓடியது என்று எழுதுகிறேன்.”

“கிலோமீட்டர் கணக்குதான் மீட்டரிலேயே இருக்கிறதே, உஸ்தாத்ஜி?”

“அது ரோட்டுக்குக் கணக்கு. இன்ஜினுக்கு இல்லை” என்றார்.

பிறகு சொல்லத் தொடங்கினார். இதற்கு முன் வேறொரு ஜீப் வைத்திருந்தார். கடன் வாங்கி வாங்கியது. கையேட்டில் போட்டிருந்தபடி பத்தாயிரம் ஆனதும் ஆயில் மாற்றினார். ஒருமுறைகூடத் தள்ளிப்போட்டதில்லை. மூன்றாவது பருவத்தில், ஒரு ஜூலை மாதம், குன்ஸம் ஏற்றத்தில் ஆறு பயணிகளோடு போகும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. வண்டியை ஓரம்கட்ட இடமில்லாத பாதை. இடம் தேடி ஓட்டிய சில நிமிடங்களில் இன்ஜின் ஒரு முனகல் முனகி இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் அடியில் ஆயில் தட்டைக் கழற்றியபோது தார் போன்ற கசடு படிந்திருந்தது. ஆயிலை உறிஞ்சும் வலை பாதி அடைத்திருந்தது. டர்போவும் போய்விட்டது.

“பில் ஒன்றரை லட்சம். ஆனால் அது பெரிதில்லை, மேடம்ஜி. இந்தப் பாதை ஜூனில் திறக்கும், அக்டோபரில் பனி மூடும். ஜூலையில் வண்டி நின்றால் அந்த வருஷம் முடிந்தது. தவணை மட்டும் நிற்காது.”

கம்பெனி சொன்னதைத்தானே செய்தேன் என்று அவர் அப்போது எல்லோரிடமும் கேட்டாராம். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னவர் அவருடைய மாமா. அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. டிராக்டரில் கிலோமீட்டர் பார்த்து யாரும் ஆயில் மாற்றுவதில்லை. நிலத்தில் அது நாள் முழுக்க உழுதாலும் ஊர் தாண்டுவதில்லை. அதில் மணி மீட்டர்தான் பேச்சு. பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது வழக்கம். “உன் ஜீப்பும் இந்த ரோட்டில் டிராக்டர்தானேடா” என்றாராம் மாமா.

நான் கணக்கில் புலியல்ல. ஆனாலும் பின்சீட்டில் குலுங்கியபடியே பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நல்ல நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் 10,000 கி.மீ. ஓட்டினால் இன்ஜின் 167 மணி நேரம் உழைத்திருக்கும். மணிக்கு 20 கி.மீ. என்று ஊர்ந்து போகும் இந்த ஓட்டுநருக்கு அதே 10,000 கி.மீ.க்கு 500 மணி நேரம். மீட்டரில் ஒரே எண். இன்ஜினுக்கு மூன்று மடங்கு வேலை. 250 மணி என்ற டிராக்டர் கணக்கை அவருக்குப் பொருத்தினால் 5,000 கி.மீ. வருகிறது. கடுமையான சூழ்நிலையில் இடைவெளியைப் பாதியாக்கு என்று பல கையேடுகள் சொல்வதும் ஏறக்குறைய இதே எண்ணைத்தான். நான் அரை நிமிடத்தில் கடந்துபோன பொடி எழுத்து வரி அவருக்கு ஒரு பருவத்தின் சம்பாத்தியம்.

ஆயில் ஏன் கெட்டுப்போகிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்கிவிடுவது நல்லது. வழவழப்புக்கு மட்டும்தான் அது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிறது. உரசும் பாகங்களுக்கு நடுவே படலமாக நிற்கிறது. தண்ணீர் போய்ச் சேர முடியாத இடங்களிலிருந்து சூட்டை எடுத்து வருகிறது. டீசல் எரிந்து வரும் கரியை ஒன்று சேரவிடாமல் பொடியாகத் தன்னுள் மிதக்க வைக்கிறது. எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கிறது. இந்தக் கடைசி இரண்டு வேலைகளையும் செய்வது ஆயிலில் கலந்துள்ள ரசாயனங்கள். அவை செலவாகிக்கொண்டே வரும். தீர்ந்த பிறகும் டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைவாகத்தான் தெரியும். ஆனால் கரி ஒன்று சேர்ந்து கசடாகப் படியத் தொடங்கும். அந்த ஓட்டுநரின் ஜீப்பில் நடந்தது அதுதான்.

இதனால்தான் ஆயில் கறுத்துவிட்டது என்பது மட்டும் மாற்றக் காரணமாகாது. டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கி.மீ.யிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். விரலில் தொட்டுப் பார்த்து “போச்சு சார், முடிஞ்சுது” என்று சொல்லும் மெக்கானிக்கையும் நம்ப வேண்டாம். “இன்னும் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். விரலுக்கு ரசாயனம் தெரியாது.

காலமும் ஒரு காரணம். ஓடாமல் நிற்கும் வண்டியில் ஆயில் அப்படியே இருக்கும் என்பது தவறான எண்ணம். இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும் இன்ஜினுக்குள் ஈரம் படியும். எப்போதோ எடுத்து இரண்டு கி.மீ. ஓட்டி நிறுத்தினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை. ஈரமும் அமிலமும் தங்கிவிடும். ஆண்டுக்கு மூவாயிரம் கி.மீ. மட்டுமே ஓடும் வண்டிக்கும் 12 மாதத்தில் ஆயில் மாற்றச் சொல்வது கம்பெனியின் பேராசையல்ல. ‘எது முந்தியோ அது’ என்பதன் இரண்டாம் பாதி அதற்காகத்தான்.

காசாவில் பட்டாணிக் கதை கிடைத்தது. டெல்லி திரும்பினேன். வீட்டில் நிற்பதும் டீசல்தான், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிதான். 2021-ல் வாங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போகலாம் என்ற கனவோடு வாங்கி, ஆண்டு முழுக்க ஆறு கி.மீ. தூரத்திலுள்ள அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கி.மீ. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஓட்டுநரைப் பார்த்த வேகத்தில் மறுநாள் காலை நானும் பானெட்டைத் திறந்தேன். டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

குறைந்திருந்தால் பயந்திருப்பேன். கூடியிருந்ததால் சந்தோஷப்பட்டேன். என் வண்டி ஆயில் குடிப்பதில்லை, கொடுக்கிறது! இந்தப் பெருமையோடு பத்து நாள் ஓட்டினேன். பிறகு சந்தேகம் வந்து ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “பத்தாயிரம் ஆகவில்லையே மேடம், ஒரு வருஷமும் ஆகவில்லை, எதற்கு வந்தீர்கள்?” என்றார். உள்ளேயிருந்து வந்த வயதான மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார். டீசல் வாடை.

விஷயம் இதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 விதி வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கந்தகம் குறைந்தால் ஆயிலைக் கெடுக்கும் அமிலமும் குறையும், நல்லதுதான். ஆனால் அதே விதியால் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வந்தது. டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரி நிரம்பியதும் வண்டி தானே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வடிகட்டி கொதிக்கக் கொதிக்கச் சூடாக வேண்டும். சூடேற்றப் பல இன்ஜின்கள் வழக்கத்துக்கு மேல் கொஞ்சம் டீசலைச் சற்றுத் தாமதமாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும். அதில் எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் சேரும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓடினால் சுத்தமாகும் வேலை முடிந்துவிடும். ஆறு கி.மீ. அலுவலகப் பயணத்தில் பாதியில் நின்றுவிடும். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஆயிலில் கொஞ்சம் டீசல். ஆயில் பெருகுகிறது, கூடவே நீர்த்துப்போகிறது. நீர்த்த ஆயிலால் படலமாக நிற்க முடியாது.

ஸ்பிதி ஓட்டுநரின் வண்டி புழுதியிலும் ஏற்றத்திலும் நொந்தது. என் வண்டி சொகுசில் நொந்திருக்கிறது. இரண்டுமே ‘கடுமையான சூழ்நிலை’தான். நான் போட்ட சொல் எவ்வளவு மோசமான சொல் என்பது அந்த டீசல் வாடையில்தான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள் என்றார் வயதான மெக்கானிக். இன்னொன்றும் சொன்னார். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. வடிகட்டியில் தங்கி அடைத்துவிடும். பழைய ஜீப்புக்கு வாங்கியது மிச்சமிருக்கிறது என்று இதில் ஊற்றினால் ஆயிலில் மிச்சம் பிடித்த காசை வடிகட்டியில் பல மடங்காகக் கொடுக்க நேரும். டின்னின் முகப்பில் உள்ள படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் உள்ள தர எண்ணைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

அதே டின்னில் 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். முதல் எண் குளிருக்கு, இரண்டாவது எண் சூட்டுக்கு. 15டபிள்யூ ஆயிலின் குளிர்த் தாங்கும் தன்மையை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ ஆயிலை 30 டிகிரிக்குக் கீழே. டெல்லிக்கு எது வேண்டுமானாலும் போதும். குளிர்காலத்தில் ஸ்பிதியிலோ லடாக்கிலோ இருக்கிறவருக்கு இந்த எண்தான் காலையில் வண்டி கிளம்புமா என்பதைத் தீர்மானிக்கும். அங்கே டீசலே உறையும். 2019 நவம்பரில் லடாக்கில் உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி வரை இளகியிருக்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் டாங்கிக்கு அடியில் தீ மூட்டிய கதைகளை அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் யாரும் சொல்வார்கள்.

இதுவரை பேசியது இன்ஜின் ஆயில் மட்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் மேலும் நாலு இடங்களில் ஆயில் உண்டு. கியர் பெட்டி. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ். முன் அச்சின் டிஃபரன்ஷியல். பின் அச்சின் டிஃபரன்ஷியல். இன்ஜின் ஆயிலுக்கு எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இந்த நான்கிற்கும் விளக்கும் கிடையாது, டிப்ஸ்டிக்கும் கிடையாது. அடியில் படுத்து, நட்டைக் கழற்றி, விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. இவற்றுக்கு இன்ஜினைப் போல் அடிக்கடி மாற்றம் தேவையில்லை என்பது உண்மை. கரி இங்கே சேராது. மாடலுக்கு மாடல் பல பத்தாயிரம் கி.மீ. தாங்கும், எண்ணைக் கையேட்டில் பாருங்கள். ஆனால் தண்ணீரில் இறங்காத வரைதான் அந்த எண் செல்லும்.

ஸ்பிதிப் பாதையில் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருக்கும். பகல் வெயிலில் மேலே பனி உருகி, பிற்பகலில் சக்கரம் மூழ்கும் அளவுக்குப் பெருகும். வெகுதூரம் ஓடிச் சூடான அச்சு பனி நீரில் திடீரென்று இறங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். மூச்சுக்குழாய் சேற்றில் அடைத்திருந்தால் ஓரத்து சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காபி போல வெளுத்துவிடும். அதோடு ஓட்டினால் பல்சக்கரமும் பேரிங்கும் துருப்பிடித்து அரைபடும்.

எங்கள் ஓட்டுநர் காசா சேர்ந்த மறுநாள் காலை, வண்டி குளிர்ந்து கிடந்தபோது, அச்சின் அடி நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தினார். தண்ணீர் எடை கூடியது, அடியில் தங்கும். முதலில் சொட்டுவது ஆயிலா தண்ணீரா என்று உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். ஆயில்தான். நட்டை இறுக்கினார். டயரியில் அதையும் எழுதினார். சக்கரத்தின் மையம் வரை மூழ்கும் தண்ணீரைக் கடந்தால் கிலோமீட்டர் கணக்கு அன்றோடு ரத்து என்பது அவருடைய விதி. பார்க்க வேண்டும், வெளுத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

புழுதிக்கும் ஒரு விதி வைத்திருக்கிறார். காற்று ஃபில்டரைக் கையேடு சொல்லும் வரை விடுவதில்லை. பருவ காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறார். புழுதி என்பது மணல் பொடி. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதே மணல் ஆயிலிலும் கலக்கும். பிறகு எவ்வளவு உயர்ந்த ஆயிலும் அரைக்கும் விழுதுதான். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிடுகிறார்.

நகரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு குறை உண்டு. நான்கு சக்கர இழுவையை ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை. தொடாத பாகத்துக்குள் ஆயில் அடியில் தேங்கிக் கிடக்கும். மேலே உள்ள பல்சக்கரங்கள் காயும், சீல்கள் வறளும். மாதம் ஒருமுறை சில கி.மீ. தூரம் அதைப் போட்டு ஓட்டுவது நல்லது. ஆனால் லீவர் போட்டு மாற்றும் வகை வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போகும். மண்ணிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தாரில் முடியாது. இழுவை முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் மூவாயிரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவோமே என்று சிலருக்குத் தோன்றலாம். அதுவும் வேண்டாம். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்குக் கையேட்டு எண் போதும். அதற்கு முன்னால் மாற்றச் சொல்லும் பட்டறைகள் பெரும்பாலும் உங்கள் இன்ஜினை நினைத்துச் சொல்வதில்லை. ஆயில் தட்டைக் கழுவ என்று தனியே ஒரு பாட்டிலையும் விற்பார்கள்; கையேட்டில் இல்லாத எதையும் வாங்க அவசியமில்லை. வடித்தெடுக்கும் ஒவ்வொரு ஐந்தாறு லிட்டரும் எங்காவது போய்ச் சேர வேண்டும். பயன்படுத்திய ஆயில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதை வாய்க்காலில் ஊற்றுவது குற்றம். சந்திரா நதியோரம் ஆயில் மாற்றி அங்கேயே கவிழ்க்கும் ஓட்டுநர்கள் இருந்தார்கள் என்றார் நம் ஓட்டுநர். அவர் கேனில் பிடித்து மணாலிக்கு எடுத்து வருகிறார். “கீழே என் பெண் வீடு, மேடம்ஜி. அதே தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.”

ஆக, எத்தனை நாளுக்கு ஒருமுறை? கையேட்டு எண்ணை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டவே கூடாது. உத்தரவாத காலத்தில் தாண்டினால் கம்பெனி கைவிரித்துவிடும், பில்களையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு உங்கள் வண்டியின் சராசரி வேகத்தைப் பாருங்கள். இப்போது பல வண்டிகளில் திரையிலேயே தெரிகிறது. ஓடிய கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் மணி வரும். 250 மணியை நெருங்கினால் மீட்டர் என்ன சொன்னாலும் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றலாம். வாரம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். குறைந்தால் நிரப்புங்கள். கூடினால் மகிழ வேண்டாம், பட்டறைக்குப் போங்கள். ஆற்றில் இறங்கினால் அச்சைத் திறந்து பாருங்கள்.

2024-ல் அதே மொழிபெயர்ப்பு நிறுவனம் புதிய மாடலின் கையேட்டை அனுப்பியது. அந்த வரிக்காகக் காத்திருந்தேன். வந்தது, அதே பக்க அடியில், அதே பொடி எழுத்தில். இந்தத் தடவை அரை நாள் எடுத்துக்கொண்டு எழுதினேன். ‘புழுதி, மலை ஏற்றம், ஆற்று நீர், நெரிசல், ஐந்தாறு கி.மீ.க்குள் முடியும் பயணம் ஆகியவற்றில் ஒன்று உங்கள் அன்றாடம் என்றால் இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்கவும்.’ இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கட்டத்துக்குள் இடம் போதவில்லை, மூலத்திலும் இவ்வளவு இல்லை, பழைய வரியே இருக்கட்டும் என்று. அச்சான பிரதியில் ‘கடுமையான சூழ்நிலைகளில்’ என்றே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் எழுத வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு பாதை திறந்ததும் ஓட்டுநர் தொலைபேசியில் கூப்பிட்டார். தவணை முடிந்துவிட்டதாம். இந்த வருஷமும் பட்டாணிக்கு வருகிறீர்களா என்று கேட்டார். பிறகு, “உங்கள் வண்டி எத்தனை மணி, மேடம்ஜி?”

“நூற்றுப் பத்து, உஸ்தாத்ஜி.”

“எழுதி வைத்தீர்களா?”

எழுதி வைத்திருக்கிறேன்.